மருந்து உள்ளுக்குப் போயிட்டு

மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்த ‘ற’, எந்த ‘ண’ என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழைகளைத் திருத்திப் பேப்பரில் போடுங்கள். ஆனால் ‘நான் குடிக்கவில்லை’ என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் ஓர் எழுத்தையும் மாற்றிவிடாதீர்கள்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமை இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒரு வட்டையில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளி. எனக்கென்று வயல் கிடையாது. மற்றவர்களின் பயிருக்குப் பூச்சி மருந்து அடித்துக் கொடுப்பதே என் தொழில். இருபது வருடத்துக்குக் கிட்ட, கைப்பம்ப் பூட்டிய மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்திருக்கிறேன். காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவனும் நான்தான்.

அன்று தாங்கியின் அடியில் ரப்பர் வாசர் தேய்ந்து கசிந்திருக்கிறது. முதுகில் ஈரம் இறங்கியதை வேர்வை என்று நினைத்துவிட்டேன். இது என் பிழை. இதை மறைக்கவில்லை. பயிரில் அறக்கொட்டி விழுந்திருந்தது. பயிரின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, இரண்டு நாளில் வயலையே எரித்துவிடுகிற பூச்சி அது. முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

பதினொரு மணி போல மூக்கு ஒழுகத் தொடங்கியது. கண்ணில் நீர் வந்தது. துப்பத் துப்ப வாயில் எச்சில் நிரம்பியது. நல்ல வெயிலில் வயல் இருட்டாகத் தெரிந்தது. தாங்கியைக் கழற்றி வரம்பில் வைத்தது வரைக்கும்தான் ஞாபகம். பக்கத்து வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஓடிவந்து பார்த்தபோது நான் வரம்பில் சரிந்து கிடந்தேனாம். தோலுக்குள் மீன்குஞ்சு ஓடுவதுபோலக் கைகால் சதைகள் துடித்தனவாம். உழவு மெசின் பெட்டியில் ஏற்றி முதலில் கிட்டடி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். என்னைக் காப்பாற்றியவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

வாசல் மேசையில் இருந்தவர் மச்சானிடம் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். மச்சான் பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறான்.

“மருந்து உள்ளுக்குப் போயிட்டு.”

தோலால் உள்ளே போய்விட்டது என்பதுதான் அவன் சொன்னது. எங்கள் ஊரில் மருந்தடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். தலை சுற்றினால், குமட்டினால், இன்றைக்குக் கொஞ்சம் உள்ளுக்குப் போயிட்டு என்று சொல்லி, தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். பூச்சிக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். மேசையில் இருந்தவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தெரியாது. உள்ளுக்குப் போனால் வாயால்தானே போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, ‘குடித்தது’ என்று இங்கிலீசில் எழுதிவிட்டார். எப்படிப் போனது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

நான் குடிக்கவில்லை. ஆனால் குடித்தவனுக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்தார்கள். மூக்கால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கழுவ வேண்டிய முதுகை யாரும் கழுவவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரமும் மருந்தில் தோய்ந்தபடியே கிடந்தது. நெஞ்சில் வயர் ஒட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றினார்கள். வாட்டில் தலையணை இல்லை. என் மச்சான்தான் அந்தச் சட்டையை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தான். அக்காவின் புருஷனுக்குத் தலை தாழக் கூடாது என்ற அன்பில் வைத்தான். அவனை நான் என்ன சொல்ல? அவன் படித்தவன் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் அந்தக் கட்டிலைக் கடந்து போனார்கள்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து கமக்கட்டுக்குள் கை வைத்து ஈரமா என்று பார்ப்பார்கள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பார்கள், பிறகு இன்னொரு ஊசி. பின்னேரம் ஆனபோது நெஞ்சில் கரகரப்பு நின்றது. எச்சிலும் நின்றது. அதன் பிறகு வாய் காய்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வறட்சியை நான் அறிந்ததில்லை. உமியை அள்ளி வாயில் அடைத்தது போல இருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஒரு துளி வேர்வை இல்லை. சலம் முட்டிக்கொண்டு நின்றது, போகவில்லை. புத்தியும் என் கையை விட்டுப் போனது.

அந்த நேரத்தில் நான் செய்ததாகச் சொல்வதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். வாட்டை வயல் என்று நினைத்திருக்கிறேன். இடது கையால் பம்பை இழுத்து இழுத்து அடித்து, வலது கையால் ஒவ்வொரு கட்டிலாக மருந்து தெளித்திருக்கிறேன். கட்டிலில் இருந்தவர்களைப் பார்த்து, “காத்துக்கு எதிர நிக்காதீங்க, அங்கால போங்க, உள்ளுக்குப் போயிரும்” என்று கத்தியிருக்கிறேன். கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். கட்டிய கையாலும் பம்ப் அடித்தேனாம்.

ஓர் உதவியாளர் இருந்தார். “வாட்டுக்க மருந்தடிக்கப் போடியார் வந்திட்டாரு. எல்லாரும் மூக்கப் பொத்துங்க” என்றாராம். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருக்கும் பெரிய மனிதர். வாட்டே சிரித்ததாம். யாரையோ பார்க்க வந்த ஒருவர் அதைப் போனில் படம் எடுத்தார். அது எங்கள் ஊருக்கு என்னை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது.

இந்த ஊசி மருந்து கூடக் கூட ஆள் பிதற்றுவான் என்பது அந்த வாட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. நோயாளிகளுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

என் பக்கத்துக் கட்டிலில் கரடியனாற்றுப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் உண்மையாகவே குடித்தவர். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரையும் விட்டுவைக்கவில்லை. “என்ன தம்பி, இன்னொரு போத்தில் கொண்டு வரட்டா?” என்று அதே உதவியாளர் கேட்பார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த மனிதர்தான், தன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, துணியை நனைத்து நனைத்து என் உதட்டில் வைத்தவர். பிதற்றலுக்கு நடுவில் எனக்கு மிச்சமாக இருக்கிற ஞாபகம் அது ஒன்றுதான். குளிர்ந்த ஈரத்துணி. “சப்புங்க அண்ணன், சப்புங்க” என்ற குரல். பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் சொந்தக்காரரை உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் எனக்கு அந்த வாட்டில் இருந்த ஒரே சொந்தம் அவர்தான்.

அடுத்த நாள் காலையில் எனக்குத் திரும்பவும் கடுமையானது. நின்றிருந்த எச்சில் மறுபடி ஒழுகத் தொடங்கியது. நெஞ்சு கரகரத்தது. ஊசியின் வேகம் குறையக் குறைய, தலைக்குக் கீழே இருந்த சட்டையும் முதுகும் சாரமும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஏன் திரும்புகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நிறையக் குடித்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள்.

மத்தியானம் பார்க்கும் நேரத்துக்கு மனைவி வந்தாள். முதல் நாள் அவளை உள்ளே விடவில்லை. குனிந்து என் தலையைத் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபது வருடம் என் சட்டையைத் துவைத்தவள் அவள். அந்த மணம் அவளுக்குத் தெரியும். நேராகத் தாதியிடம் போனாள்.

“மிஸ், இவருக்கிட்ட மருந்து மணக்குது.”

“குடிச்சா மணக்காம?”

அவ்வளவுதான் பதில். கொப்பியில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். என் மனைவியும் என்னைப் போலவே கூச்சக்காரி. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. “வாயில மணக்கல்ல மிஸ். முதுகில மணக்குது” என்றாள். பார்க்கும் நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டொக்டர் வந்தார். எனக்கு மூச்சு எடுக்க முடியாமல் போவதால், தொண்டையில் குழாய் வைத்து மெசினில் போட வேண்டி வருமா என்று பார்க்க, ஒப்பரேசன் தியேட்டரில் இருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முக்காடு போட்ட, எங்கள் கரைப் பேச்சே பேசுகிற சின்ன வயதுப் பெண். வாசலில் அழுதுகொண்டு நின்ற என் மனைவி சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

“எங்க மணக்குது எண்டீங்க?”

“முதுகில, அம்மா.”

அவர் வந்து, என்னைப் புரட்டச் சொன்னார். நான் வந்து ஒரு பகல், ஓர் இரவு ஆகிவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் புரட்டினார்கள். முதுகில் தாங்கி இருந்த இடம், அதே அளவில், அதே வடிவில் சிவந்து கிடந்ததாம். மனைவி சொல்கிறாள், அந்த டொக்டர் சட்டையை என் தலைக்குக் கீழிருந்து உருவி எடுத்து, ஒரு தடவை மணந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாராம். பிறகு கட்டியிருந்த என் கையைப் பார்த்தாராம். அது அப்போதும் பம்ப் அடித்துக்கொண்டிருந்தது.

“குடிச்ச மனிசன் ஏன் பம்ப் அடிக்கிறாரு?”



சாரத்தைக் கழற்றி, தலை முதல் கால் வரை சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினார்கள். ஊசியையும் கூட்டினார்கள். பின்னேரம் மூச்சு இலகுவானது. மெசினில் போடத் தேவை வரவில்லை.

மூன்றாம் நாள் புத்தி தெளிந்தபோது அந்த டொக்டர் வந்து என்னோடு கதைத்தார். அந்த ஊசியின் பெயர் அற்றோபின். நான் திருப்பிக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டேன்.

“இது எங்கட தியேட்டர்ச் சாமான்தான். ஒப்பரேசனுக்கு ஆள மயக்கக்குள்ள எச்சில் ஊறி நெஞ்சுக்க போகப்படா, இதயம் மெதுவாகப்படா. அதுக்கு நாங்க துளியாக் குடுக்கிறத உங்களுக்குப் பெட்டி பெட்டியா உடைச்சிரிக்கம்.”

அவர் விளக்கியதை நான் என் வயலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் வட்டையில் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வட்டவிதானை என்று ஒருவர் உண்டு. அவர் ஆள் அனுப்பினால் வாய்க்கால் திறக்கும், வேலை முடிந்ததும் ஒருவன் போய் மூடுவான். உடம்பிலும் அப்படித்தானாம். எச்சில் விடு, வேர்வை விடு என்று ஒன்று போய்ச் சொல்லும், சொல்லி முடிந்ததும் அதை இன்னொன்று அழித்துவிடும். பூச்சி மருந்து அந்த அழிக்கிறவனை, அதாவது மூடுகிறவனை, பிடித்துக் கட்டிவிடுகிறது. வாய்க்கால் திறந்தபடியே கிடக்கும். உடம்பு தன் தண்ணீரிலேயே மூழ்கும். அற்றோபின் போய் அந்தக் கட்டை அவிழ்க்காது. விஷத்தையும் துரத்தாது. அது செய்வதெல்லாம், ஒவ்வொரு வயலுக்கும் வரம்பில் வெட்டியிருக்கிற வக்கடையில் மண் போட்டு அடைப்பதுதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் வயலுக்குள் வராது. அந்த நேரத்துக்குள் உடம்பு மூடுகிறவனை மீட்டுக்கொள்ள வேண்டும். மண்ணை அளவுக்கு மேல் போட்டால் வயல் வெடிக்கும். வாய் காயும், சலம் நிற்கும், புத்தி தடுமாறும்.

நான் இதை அவருக்குச் சொன்னேன். சரிதான் என்று தலையாட்டினார். இன்னொன்றும் சொன்னார்.

“ஒப்பரேசன் முடிஞ்சி ஆள எழுப்பக்குள்ள, உங்கட பூச்சி மருந்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மருந்த நாங்களே போடுறம். அது தனியப் போனா நீங்க பட்ட பாடுதான். அதால அற்றோபின் குடும்பத்து ஊசி ஒண்டையும் சேர்த்துத்தான் போடுவம்.”

தியேட்டரில் விஷத்தின் சொந்தக்காரனுக்கும் காவலுக்கு ஓர் ஆளைத் துணைக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு கவனம். வாசலிலோ, ஒரு மனிதன் எப்படி விஷப்பட்டான் என்று கேட்க ஆள் இல்லை.

போகும்போது அவர் என் கண்ணில் லைற் அடித்துப் பார்த்து, கண்மணி விரிந்து கிடக்கிறது, சில நாளைக்குக் கிட்ட இருக்கிறது தெரியாது, ஒன்றும் வாசிக்க வேண்டாம் என்றார்.

அடுத்த நாளே பொலிஸ்காரர் வந்தார். விஷம் குடித்ததாக எழுதப்பட்டவர்களிடம் வாக்குமூலம் எடுப்பது வழக்கமாம். வேறு இடத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் தெரியும், எங்கள் பேச்சு பிடிபடவில்லை.

“மருந்து எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“ஆறு மணிக்கு எடுத்தன்.” வயல் வாடிக் குடிசையில் இருந்து போத்தலை எடுத்த நேரத்தைச் சொன்னேன்.

“என்ன பிரச்சினை?”

“அறக்கொட்டிதான். வேற ஒண்டும் இல்ல.”

“அப்ப வயல்ல பிரச்சினை. வீட்டில?”

“வீட்டில மனிசியும் ரெண்டு பொம்புளப் புள்ளையளும் இரிக்காங்க.”

எழுதி முடித்து, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார். தாளில் கறுப்பாக ஏதோ எறும்பு ஓடுவது போலத் தெரிந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வாசிக்கத் தெரியாதவர்கள் ஒரு பொய் வைத்திருப்பார்கள். தாளைக் கொடுத்தால், கண்ணாடி கொண்டு வரவில்லை, கண் தெரியவில்லை என்பார்கள். கேட்பவர்களுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தாலே இவனுக்கு எழுத்துத் தெரியாது என்றுதான் எல்லா அலுவலகத்திலும் நினைப்பார்கள். ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியும். மெதுவாக, எழுத்துக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் முழுவதையும் வாசிப்பேன். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் உண்மையாகவே கண் தெரியவில்லை. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வெட்கம். வாசிப்பது போலக் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சில நாளில் கிராம சேவகர் விசாரிக்க வந்தார். அவர் கையில் இருந்த வாக்குமூலப் பிரதியை வாங்கி வாசித்தேன். இப்போது கண் நன்றாகத் தெரிந்தது. ‘காலை ஆறு மணிக்குப் பூச்சி மருந்து எடுத்தேன். வயல் பிரச்சினையும் குடும்பப் பிரச்சினையும் காரணம்.’ கீழே என் கையெழுத்து. கோழி கிளறியது போல.

அதன் பிறகு ஊர் என்னை என்ன செய்தது என்று விரிவாக எழுத விருப்பமில்லை. குழாயடியில் ஒரு பெண் என் மனைவியிடம், “அப்பிடி என்ன புள்ள சொன்ன நீ அவருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். மனைவி அன்றிலிருந்து தண்ணீருக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாள். நான் ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் இருக்கிற மருந்துப் போத்தலை எடுத்து உள்ளே ஒளிக்கிறார்கள். மருந்தடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவனுக்கு எல்லோரும் மருந்து கொடுக்கப் பயந்தார்கள். இருபது வருடம் எனக்கு வேலை தந்த ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ட நன்மைக்குத்தான் சொல்றன், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாத” என்றார். நான் குடிக்கவில்லை என்று சொன்னால், ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். குடித்தவன் அப்படித்தான் சொல்வான் என்பது அந்த ஓம்.

ஆஸ்பத்திரி தந்த அட்டையில் மனநலக் கிளினிக்குக்கு நாள் போட்டிருந்தார்கள். முதல் தடவை நான் போகவில்லை. அட்டையில் இருக்கிற அந்த இங்கிலீசுச் சொல்லை மாற்றினால்தான் ஊரில் யாருக்காவது காட்டலாம் என்று மனைவி சொன்னதால் இரண்டாம் தடவை போனேன். நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நாலைந்து பேருக்கு அங்கால் அந்தக் கரடியனாற்று மனிதர் இருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரோடு பழக்கம் என்று தெரிந்தால் என்னையும் அந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று நினைத்து, சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

உள்ளே டொக்டர் மெதுவாகத்தான் கேட்டார். “இப்ப மனசு எப்பிடி இரிக்கி?” நான் அலுவலகங்களில் குரலை உயர்த்தியவன் இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

“நான் குடிக்கல்ல. வெளிய இரிக்கானே அவன், அவன்தான் குடிச்சவன். அவன் மாதிரி ஆக்களோட என்ன ஏன் கொண்டு வந்து சேக்கிறீங்க?”

கதவு திறந்துதான் இருந்தது. நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் வெளியே போயிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கரடியனாற்று மனிதர் எழும்பி வந்து வாசலில் நின்றார். கோபம் இல்லை. கையில் தன் அட்டையை வைத்திருந்தார்.

“அண்ணன் சொல்றது உண்மை டொக்டர். நான்தான் குடிச்சனான். அண்ணன் குடிக்கல்ல. ரெண்டு நாளா எனக்குப் பக்கத்துக் கட்டிலில கிடந்து, காத்துக்கு எதிர நிக்காத, காத்துக்கு எதிர நிக்காத எண்டு எனக்குத்தான் சொல்லிக்கிட்டுக் கிடந்தாரு. சாக நினைச்சி மருந்தெடுத்த ஆள் அப்பிடியா சொல்லும்? மறுகா, அவர்ட முதுகையும் நான் பாத்தனான். தாங்கி வெச்ச மாதிரி சிவந்து கிடந்திச்சி.”

டொக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். மயக்க மருந்து டொக்டர் தோலில் பட்டது என்று ஒரு மூலையில் எழுதியிருந்தாராம். அதை யாரும் அட்டைக்குக் கொண்டு வரவில்லை. அந்த இடத்திலேயே பேனையை எடுத்து ஒரு சொல்லை வெட்டி, மேலே இன்னொரு சொல்லை எழுதி, கையெழுத்து வைத்துத் தந்தார். அரை நிமிட வேலை.

வெளியே வந்தேன். அவர் மறுபடி வாங்கில் போய் இருந்துவிட்டார். என்னைக் கண்டதும் இருக்க இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினார். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். ஒரு சொல்லாவது பேசியிருக்க வேண்டும். நான் அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அட்டையை ஊரில் காட்டினேன். இந்தச் சிறுபோகச் சாகுபடியில் சிலர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மனைவி பழைய நேரத்துக்கே குழாயடிக்குப் போகிறாள். பொலிஸ் கொப்பியில் நான் இன்னும் குடித்தவனாகத்தான் இருக்கிறேன். கேட்கப் போனபோது, நீங்கள்தானே வாசித்துக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றார்கள்.

என் கோபம் ஆறவில்லை. கேள்வி கேட்காமல் எழுதியவர் மீதும், தலை நிமிராமல் பதில் சொன்னவர் மீதும், சிரித்தவர்கள் மீதும், படம் எடுத்தவர் மீதும் அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையின் கடைசியில் இப்போது நானும் நிற்கிறேன். குடித்தவன் என்று நினைத்து என்னை அப்படி நடத்தினார்களே என்றுதான் இத்தனை நாளும் கத்தினேன். குடித்தவரை அப்படி நடத்தலாம் என்று நானும் ஒத்துக்கொண்டல்லவா கத்தியிருக்கிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அவரை ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வந்தது ‘அவன்’. என் அட்டையில் இருந்த பிழையை வெட்ட அந்த மனிதரின் ஒரு சொல் போதுமாக இருந்தது, நான் அவரைச் சொன்ன அந்த ஒரு சொல்லை வெட்ட இத்தனை தாள் எழுதியும் எனக்குப் போதவில்லை.

எழுதி முடித்தது: 14.09.2025, ஞாயிற்றுக்கிழமை.